குழாய்க்காரன் மகள்

என் குடும்பப் பெயர் அஹோ.
காட்டுக்குள் மரங்கள் விலகி
வெயில் இறங்கும் புல்தரைக்கு
எங்கள் ஊரில் அதுதான் சொல்.
சிஸுரு பிறந்த ஒசாகாவில் அதற்கு
மடையன் என்று பொருள்.

கல்யாணத்தன்று அவள் அப்பா
மூன்று முறை குனிந்து வணங்கினார்.
மூன்று முறையும் என் பெயரருகே வந்து
நின்றுவிட்டார்.
லௌரி என்றாவது கூப்பிடலாம், ஆனால் அவர் நாக்கில்
'ல' ஏறாது, 'ர' ஆகிவிடும்.
அன்றிலிருந்து நான் அவருக்குக் குழாய்க்காரர்.

குழாய்க்காரன்தான். கயானி நகரத்தில்
பாதிச் சமையலறைகளின் அடியை
மல்லாந்து படுத்துப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரியில் மகள் பிறந்தாள்.
பெயர் வைக்க அரசு மூன்று மாதம் தந்தது.
ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினோம்.
அக்கா எழுதிய லியூலி
ஒசாகா போய்ச் சேர்ந்தபோது ர்யூரி ஆகியிருந்தது.
சாரா என்றாள் அம்மா.
"சாப்பாட்டுத் தட்டு" என்றாள் சிஸுரு, முகம் மாறாமல்.
அவள் கனா என்று எழுதினாள்,
நான் பக்கத்தில் ஒரு கோழி வரைந்தேன்.
ரிஸா எங்களுக்குத் தொண்டைச் சதை.
மிகா, எதிர்வீட்டில் மரலாரி ஓட்டும்
தாடிக்காரன்.

தாள் அடித்தல்களால் கறுத்தது.
அதுவரை அவளைக் கூப்பிட
காற்றேறிய குழாய்போல உதட்டைக் குவித்து
ஒரு சத்தம் எழுப்புவேன்.
அதற்கே தலை திருப்பினாள்.

ஒரு ராத்திரி பால் கொடுத்தபடி,
என்னைப் பார்க்காமல்,
"ஹனா. பூ என்று அர்த்தம்" என்றாள்.

சிரித்துவிட்டேன். குழந்தை முலையை விட்டு அழுதது.
ஹனா என்றால் எங்களுக்குத் தண்ணீர்க் குழாய்.
"தினம் ஏழெட்டு ஹனா கழற்றுகிறேன்.
பள்ளிக்கூடத்தில் இவளைத் திருகித் திறப்பார்கள்."

"எட்டு வருஷமாக
மடையன் என்று கையெழுத்துப் போடுகிறேன்,
நான் சிரித்தேனா?"

இரண்டு நாள் பேச்சில்லை.

மூன்றாம் நாள் மைனஸ் முப்பத்தொன்று.
மர ஆலைத் தொழிலாளி ஒருவன் வீட்டில்
குழாய் உறைந்திருந்தது.
தரைக்கடியில் நாலு மணி நேரம் சூடு காட்டினேன்.
மேலே அது இருமியது, துருவைத் துப்பியது,
பிறகு தண்ணீர்.
ஆறடி ஆள்,
குதிரையைத் தட்டுவதுபோல் அதைத் தட்டி
"நல்ல பிள்ளை" என்றான்.

வண்டியைக் கிளப்பாமல் கணக்குப் போட்டேன்.
ஹனா அஹோ.
முழுக்க அவள் பாஷையில், பூ மடையன்.
முழுக்க என் பாஷையில், குழாயும் புல்தரையும்.
முதலை அவளிடமும் மற்றதை என்னிடமும் எடுத்தால்
காட்டுக்குள் வெயில் விழும் இடத்தில்
ஒரு பூ.
மாற்றி எடுத்தால் குழாய் மடையன்.
ஆனால் அப்படித் திட்டுகிறவனுக்கு
இரண்டு பாஷையும் தெரிந்திருக்க வேண்டும்.
தெரிந்தவன் வந்தால் காபி கொடுத்து உட்காரவைப்போம்.

சிஸுரு கேட்டாள். யோசித்தாள்.
"காபி போதாது, சோறும் போடலாம்" என்றாள்.

அங்கே குடும்பப் பெயர்தான் முன்னால் வரும்.
வீடியோவில் அவள் அப்பா
தொண்டையைச் செருமி, கழுத்துப்பட்டியைச் சரிசெய்து,
அஹோ
என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லி
ஹனா
என்று முடிப்பதற்குள் சிரித்துச் சிரித்துத்
திரையை விட்டே நழுவிப்போனார்.
வெறும் சுவரைப் பார்த்து நாங்களும் சிரித்தோம்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஃபோன்.
யாரோ ஒரு பெண், களைத்த குரல்:
"ராத்திரியெல்லாம் ஹனா ஒழுகிக்கொண்டே இருந்தது.
கண்ணே மூடவில்லை."

"இங்கேயும்தான்" என்றேன்.
முகவரி கேட்டு எழுதிக்கொண்டேன்.